மேல்தளத்தில் திறந்திருந்த கடை

எங்கள் ஊரில் முதன்முதலாக ஓடும் படிக்கட்டு வந்தது எங்கள் காம்ப்ளக்ஸில்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுத இடமிருக்குமோ என்னவோ.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதச் சொல்லி இரண்டு தாள் கொடுத்தீர்கள், ஐயா. இருபத்தாறு வருஷத்தை இரண்டு தாளில் அடைக்க முடியாது என்பதால் வாசலில் நிற்கும் காவலரிடம் கேட்டு இன்னும் எட்டுத் தாள் வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் நாலு வரியில் முடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்களாம். நான் அந்த ரகம் இல்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாதவன் இருபத்தாறு வருஷம் மேனேஜராக இருக்க முடியாது.

காம்ப்ளக்ஸ் வருவதற்கு முன் அந்த இடம் மரக்கடையாக இருந்தது. மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கும். முதலாளி அதை வாங்கியபோது, மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊரே பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழே பதினாறு கடை, மேலே பதினாறு கடை, நடுவில் ஓடும் படிக்கட்டு என்று இரண்டே வருஷத்தில் கட்டி முடித்தார். திறந்த அன்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஏறினார். மேலே போனதும் எப்படி இறங்குவது என்று தெரியாமல் அலறினார். நான்தான் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தரையில் நிறுத்தினேன். முதல் மாதம் முழுக்க எனக்கு இதுதான் வேலை. எத்தனை பேர் கையைப் பிடித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது.

மேனேஜர் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் என் மச்சான். என் மனைவிக்கு ஒரே அண்ணன். டெய்லர். முதலாளிக்கு அவர்தான் சட்டை தைப்பார். மேல்தளத்தில் ஒன்பதாம் எண் கடையை முதல் ஆளாக எடுத்தவரும் அவர்தான். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளும் ஆண்களிடம், “மூச்ச விடுங்க சார். சட்டைகிட்டப் பொய் சொன்னா நாலு பேர் முன்னாடி கிழிஞ்சு காட்டிக் குடுத்துடும்” என்பார். அவர்கள் சிரித்ததும் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். உடனே டேப்பைச் சுற்றி அளவைக் குறித்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதிர்க்கடை டீக்கடை. டீ வேண்டும் என்றால் இவர் வாயைத் திறந்து கேட்க மாட்டார். வாய் நிறையக் குண்டூசி இருக்கும். கத்தரிக்கோலின் பிடியை மெஷின் பலகையில் மூன்று முறை தட்டுவார். டக், டக், டக். டீக்காரர் கிளாஸோடு வந்துவிடுவார். போகப் போக மாடியில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மூன்று தட்டு என்றால் ‘இங்கே வா’ என்று அர்த்தம். மாடியின் கடைசியில் என் அறை. என்னைக் கூப்பிடுவதற்கும் அதே மூன்று தட்டுதான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நானும் போவேன்.

எட்டாவது வருஷம் ஓடும் படிக்கட்டு நின்றுபோனது. உதிரிபாகம் கிடைக்கவில்லை. அதன்பிறகு அதைச் சாதாரணப் படியாக ஏறி இறங்கினோம். ஆனால் முதல் இரண்டு படியும் கடைசி இரண்டு படியும் மற்றவற்றைவிட உயரம் குறைவு என்பதால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கினார்கள். பிறகு ஊருக்கு வெளியே பெரிய சாலை வந்தது. பஸ்கள் அந்தப் பக்கம் போயின. அப்புறம் போனிலேயே சாமான் வாங்கும் காலம் வந்தது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

முதலில் ஷட்டரை இறக்கியது பொம்மைக் கடை. அடுத்த மாதமே பக்கத்துக் கடிகாரக்காரர் என் அறைக்கு வந்தார். “பக்கத்துல இருட்டா இருக்கு சார். ஆளுங்க இந்தப் பக்கம் தலையத் திருப்பக்கூட மாட்டேங்குறாங்க” என்றார். மூன்று மாதத்தில் அவரும் போனார். அவருக்கு அடுத்த பாத்திரக் கடை, அதற்கடுத்த வளையல் கடை என்று வரிசையாகப் போனார்கள். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. வியாபாரம் இல்லாமல் கடை மூடுவதில்லை. பக்கத்துக் கடை மூடியிருப்பதால்தான் மூடுகிறது. இதை முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு அப்போதே உடம்பு சரியில்லை. “நீயே பாத்துக்கப்பா” என்று கையைக் கழுவிவிட்டார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். அவருக்கு இந்தக் கட்டடம் என்றாலே வேப்பங்காய்.

ஆகவே நானே பார்த்துக்கொண்டேன். காலியான கடைகளின் ஷட்டரைத் தினமும் காலையில் தூக்கிவிடுவேன். விளக்கைப் போடுவேன், மின்விசிறியைச் சுழல விடுவேன். போனவர்கள் விட்டுச்சென்ற மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த டீ கிளாஸ், நாற்காலி முதுகில் ஒரு துண்டு. வாசலில் ஒரு அட்டை: ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்.’ எங்கள் டீக்காரர்கூட அப்படித்தான் ஒன்றரை வருஷமாக ஐந்து நிமிடத்தில் வந்துகொண்டிருந்தார். மனிதர் தன் மகள் ஊருக்கே குடிபோய்விட்டார். அவருடைய அடுப்புக்கு மேலே பெரிய பல்பாகப் போட்டு வைத்திருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் டீ கொதிக்கிற மாதிரியே இருக்கும். துணிக்கடைப் பொம்மைகளுக்கு வாரத்துக்கு ஒருமுறை சட்டை மாற்றினேன். கட்டடம் முழுக்க ஸ்பீக்கர் உண்டு. என் அறையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து காலை முதல் மாலைவரை மெல்லிய வாத்திய இசை ஓடும். காலிக் கட்டடத்தில் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது, ஐயா. கேட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பீர்கள். ஆனால் கீழ்த்தளத்தில் ஏழு கடைகள் கடைசிவரை தாக்குப்பிடித்தன. மாடியில் வெளிச்சம் தெரிந்ததால்தான் தாக்குப்பிடித்தன. மாடியில் உண்மையாகத் திறந்திருந்தது மச்சானின் கடை மட்டும்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினான்காவது வருஷம் போட்டோ ஸ்டூடியோக்காரர் மயங்கி விழுந்தார். காலையில் சாப்பிடாததால் வந்த மயக்கம், வேறொன்றும் இல்லை. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்வாசலில் விளக்கு சுழல அது வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் போன மனிதர் இரண்டாம் நாளே நடந்து வந்துவிட்டார். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. அங்கே ஒருத்தர் செத்துப்போனாராம் என்றே பேசினார்கள். உயிரோடு நிற்கிற மனிதரிடமே வந்து, “இங்கதான் யாரோ செத்தாங்களாமே?” என்று கேட்டவர்கள் உண்டு. மூன்று மாதம் மாடியில் ஈ ஓட்டினோம். அப்போது நான் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, இனி எந்தக் காரணத்துக்காகவும் முன்வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கக்கூடாது. இரண்டாவது, தீயணைப்பு நிலையத்தில் மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள், அதற்குப் போய் வந்தேன். சான்றிதழ் என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருப்பார்கள்.

போன மாதம் சின்னவர் போன் செய்தார். ஒரு பெரிய கம்பெனி கட்டடத்தைப் பார்க்க வருகிறது என்றார். “பாதிக் கடையாவது தெறந்திருக்கட்டும். பாக்கறதுக்கு நல்லா இருக்கணும்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனி வந்தால் ஓடும் படிக்கட்டு மறுபடி ஓடும் என்று நானே நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளே மச்சான் என் தலையில் கல்லைப் போட்டார்.

“மாப்ள, மாசக் கடைசியோட நான் கெளம்பறேன். வீட்டு முன்னறையிலேயே மெஷினப் போட்டுக்கறேன். படி ஏறினா மூச்சு வாங்குது.”

“ஒரே ஒரு நாள் மச்சான். அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் கடையில உக்காருங்க. அப்புறம் நானே மெஷினத் தூக்கிட்டு வந்து உங்க வீட்டுல வெக்கிறேன்.”

“ஆளே இல்லாத மாடியில நான் ஒருத்தன் உக்காந்து யாருக்குப் படம் காட்டப் போற?”

அவருக்கு என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போல.

“சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. உனக்காக ஒரு நாள். கண்டிப்பா வந்து உக்காருவேன், போதுமா?”

அந்தத் தேதி வருவதற்குள் அவர் பாதிச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மெஷின், நாற்காலி, கத்தரிக்கோல், ஆளுயரக் கண்ணாடி, பாதி தைத்த கோட்டு ஒன்று, இவ்வளவுதான் மிச்சம்.

கம்பெனி ஆட்கள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. மச்சான் ஒன்பது மணிக்கு வந்து கடையைத் திறந்தார். எனக்குக் கையை ஆட்டிக் காட்டினார். நான் கீழே போய் ஏழு கடைக்காரர்களையும் வாசலைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஒன்பது நாற்பதுக்கு மேலே வந்தேன். அவர் மெஷின்மேல் சாய்ந்திருந்தார். முதலில் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்த்தினேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை தொங்கியது. இடது கை என் சட்டையைப் பிடித்தது. என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. ஏதோ சொல்ல வந்தார், எச்சில்தான் வழிந்தது.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். அது பக்கவாதம் என்று பார்த்த உடனே தெரிந்தது. பயிற்சியில் முதல் நாள் பாடமே அதுதான். நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மருந்து இருக்கிறது, பிழைத்து நடமாடிவிடலாம், சீக்கிரம் சேர்க்கச் சேர்க்க நல்லது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் காம்ப்ளக்ஸிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை.

நிதானமாக யோசித்தேன். பதறினால் காரியம் கெட்டுவிடும். ஒன்பதுக்கும் ஒன்பது நாற்பதுக்கும் இடையில் வந்திருக்கிறது. ஒன்பதரை என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணிவரை நேரம் இருக்கிறது. கம்பெனி ஆட்கள் பதினொன்றுக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடுவார்கள். பன்னிரண்டே காலுக்கு மச்சான் ஆஸ்பத்திரியில் இருப்பார். இரண்டும் நடக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. இதில் எது தவறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

என் அறையிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து அவரை அதில் உட்கார வைத்தேன். சரிந்தார். லைனிங் துணியை எடுத்து இடுப்போடும் மார்போடும் நாற்காலியில் சுற்றிக் கட்டினேன், இறுக்கமாக அல்ல. கட்டு தெரியாமல் இருக்க அந்தப் பாதி தைத்த கோட்டை மேலே போட்டுவிட்டேன். வழக்கமாக அவர் டீக்கடையைப் பார்த்தபடிதான் உட்காருவார். முகம் அப்படி இருந்ததால் மெஷினைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்க்க உட்கார வைத்தேன். வெளியே போய் நின்று பார்த்தேன். கண்ணாடியில் முகம் தெரிந்தது. கண்ணாடியின் மேல் ஒரு துணியைப் போட்டேன். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டேன். கத்தரிக்கோலை அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்ததும் நான்தான். கத்தரிக்கோல் இல்லாத டெய்லர் கடை நன்றாக இருக்காது. வாயைத் துடைத்துவிட்டேன். “இதோ வந்துடறேன் மச்சான். கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்றேன். இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சை அவர் தட்டியதில்லை.

பத்து ஐம்பதுக்கு போன் வந்தது. பன்னிரண்டரைக்கு வருகிறோம் என்றார்கள். மறுபடி யோசித்தேன். ஒன்றேகாலுக்குப் போய்விடுவார்கள், ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி. கொஞ்சம் நெருக்கிப் பிடிக்கிறது, ஆனால் நேரம் இருக்கிறது.

பதினோரு மணிக்கு வாளி அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே மாடிக்கு வந்தார். கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவர், வாளி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், டெய்லர் அண்ணன் என்னமோ தட்டிக்கிட்டே இருக்காரு. டீ கேக்குறாரு போல. வெளிய போய் வாங்கியாரட்டா?”

“வேணாம்க்கா. வேலையா இருக்கார், தொந்தரவு பண்ணாதீங்க. கீழ போய் முன்வாசலத் தொடைங்க. நான் கூப்புட்டா மேல வந்தா போதும்.”

“இல்ல சார், அண்ணன் இன்னைக்கு ஒரு மாதிரி...”

“முன்வாசல் அக்கா.”

அவர் போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். நல்ல மனுஷி. அவரைத் திட்டாதீர்கள்.

பதினொன்றரைக்கு என் மனைவி போன் செய்தாள். “என்னங்க, அண்ணன் போனே எடுக்க மாட்டேங்குறாரு. மாத்திர போட்டாரான்னு கேக்கணும். ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்.”

“இங்கதான் இருக்கார். மெஷின் முன்னாடி உக்காந்திருக்கார்.”

“இன்னைக்குமா? அப்படி என்ன வேல?”

“எனக்காகத்தான். சாயந்தரம் பேசச் சொல்றேன்.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசி வாக்கியத்தை வேண்டுமானால் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டே காலுக்கு மூன்றாவது போன், மறுபடி கம்பெனி ஆட்கள். வழியில் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், இரண்டரை ஆகும் என்றார்கள். நேற்று இந்த இடத்தில்தான் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். இரண்டரை என்றால் நேரம் தாண்டிவிடுமே என்று கேட்டீர்கள். ஆமாம், தாண்டிவிடும். ஆனால் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வந்து, மச்சானை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக்கூடப் போயிருக்கலாம். யார் கண்ணிலும் பட்டிருக்காது. என் இரண்டு முடிவுகளில் எதுவும் மீறப்பட்டிருக்காது.

அப்படிச் செய்திருந்தால் ஒன்பதாம் எண் கடையில் ஆள் இருந்திருக்க மாட்டார். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று அங்கேயும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். பதினாறு கடையிலும் அட்டை தொங்கினால் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். ஒரு நாள் வந்து உட்காருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார், ஐயா. வாக்குத் தவறாத மனிதர். அவர் அதைக் காப்பாற்றினார். காப்பாற்ற நான் உதவினேன்.

இரண்டு நாற்பதுக்கு அவர்கள் வந்தார்கள். ஓர் அதிகாரி அம்மாவும், கையில் அளக்கும் கருவியோடு ஓர் ஆளும். முன்வாசல் பளபளவென்று இருந்தது. அந்த ஆள் படிக்கட்டில் தடுக்கினார், எல்லோரையும் போல. மாடியில் ஒவ்வொரு கடையாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா ஒரு மேசையிலிருந்த டீ கிளாஸை எட்டிப் பார்த்தார். அதில் தூசி படிந்திருந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அவர் அடுத்த கடைக்கு நகர்ந்தார். ஒன்பதாம் எண் கடை முன்னால் நின்றார். குனிந்த முதுகு, கழுத்தில் டேப், மெஷின் பலகைமேல் கை.

“இவராவது நிஜமா இருக்காரே” என்றார்.

“எங்க முதல் கடை மேடம். இருபத்தாறு வருஷமா ஒரு நாள்கூட மூடினதில்ல” என்றேன். பெருமையாக இருந்தது எனக்கு. மச்சான் அந்த நேரத்தில் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். இரண்டிலிருந்து மூன்றுக்குள் என்று மட்டும் போட்டிருக்கிறார். மச்சான் அந்தப் பாராட்டைக் கேட்டிருப்பார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கீழே இறங்கி வந்ததும் அந்த ஆள் கட்டடத்தை விட்டுவிட்டு வெளியே போய் மனையை நாலு பக்கமும் அளக்க ஆரம்பித்தார். நான் அந்த அம்மாவிடம், “எத்தனை கடை திறந்திருக்குன்னு குறிச்சுக்கலையே மேடம்?” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “கடையா? எங்களுக்கு நிலம்தான் சார். இதை இடிச்சிட்டுக் கிடங்கு கட்டப்போறோம். உங்க ஓனர் சொல்லலையா? பேசி முடிச்சு ஆறு மாசமாச்சே” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மேல இருக்கற அந்த டெய்லர்கிட்ட மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க, பாவம்” என்றார்.

அப்படியானால் சின்னவர் எதற்குக் கடைகளைத் திறந்து வைக்கச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்கள் போக நாலு மணி ஆனது. நான் மேலே வந்து கட்டை அவிழ்த்தேன், கோட்டை மடித்து வைத்தேன். அவர் உடம்பு எனக்கு வளைந்து கொடுக்கவில்லை. நாலு இருபதுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பின்வாசலுக்கு வரச் சொன்னேன். உள்ளே வந்த பையன் ஒருவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரொம்ப நேரம் ஆயிடுச்சு போலருக்கே சார்” என்றான். ஆமாம் என்றேன். அவர்கள் போனதும் ஒன்பதாம் எண் ஷட்டரை இறக்கினேன். துரு ஏறிப் பாதியில் சிக்கிக்கொண்டது. ஏறி நின்று மிதிக்க வேண்டியிருந்தது.

என் மனைவி முந்தாநாள் இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. முப்பது வருஷமாக என்னிடம் ஓயாமல் பேசியவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நான் போன் பண்ணப்ப அண்ணன் உயிரோட இருந்தாரா?” ஆமாம் என்றேன். அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று தெரியும். அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் காவலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை மறுநாள் இடிக்கத் தொடங்குகிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். கீழ்த்தளத்து ஏழு பேரும் காலி செய்துவிட்டார்களாம். ஓடும் படிக்கட்டைப் பழைய இரும்புக்குப் போடுவார்கள். அதைப் பற்றி ஒரு வரிகூடப் பேப்பரில் இல்லை. அதனால்தான் முதலிலேயே எழுதினேன்.

நீங்கள் மூன்று முறை கேட்டும் நான் பதில் சொல்லாத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பாட்டுச் சத்தத்தை ஏன் கூட்டினேன் என்பது. பன்னிரண்டு இருபதுக்கு வாத்திய இசை திடீரென்று காதைப் பிளந்ததாகக் கீழே ஏழு கடைக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். வாளி அக்காவும் சொல்லியிருக்கிறார். இரண்டரைக்குத்தான் குறைத்தேன். கம்பெனி ஆட்கள் காதில் தட்டும் சத்தம் விழக்கூடாது என்பதற்காக என்று நேற்று சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். இரவெல்லாம் யோசித்தேன். அது சரியில்லை. அடித்துவிடுங்கள்.

அன்று மச்சான் ஒன்பது தடவை தட்டினார். ஒவ்வொரு தடவையும் மூன்று தட்டு, ஒன்றுகூடக் குறையவில்லை. எதிரே டீக்காரர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாவது தடவை தட்டியபோது நான் மூன்றாவது போனை வைத்துவிட்டு என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். கதவுவரை போனேன். பிறகு திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசிவரை திருகினேன். கம்பெனி ஆட்கள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வாளி அக்காவைக் கீழே அனுப்பியாயிற்று. அந்த நேரத்தில் மாடியில் என்னைத் தவிர அந்தச் சத்தத்தைக் கேட்க வேறு யாரும் இல்லை.